பீச் ஸ்டேஷன்ல இறங்காதீங்க பாஸ்!

முதல் தடவை சென்னைக்கு வர்றவங்களுக்கு ஊர்ல கிடைக்கிற அட்வைஸை எல்லாம் ஒரு பையில் போட்டால், அதைத் தூக்கவே தனியா ஒரு போர்ட்டர் வேணும். ‘பர்ஸை முன் பாக்கெட்ல வை’, ‘ஆட்டோக்காரர்கிட்ட பேரம் பேசிட்டு ஏறு’, ‘யாராச்சும் பிஸ்கட் கொடுத்தா வாங்கித் திங்காத’... பவானியில் இருந்து நான் கிளம்பினப்போ எங்க அப்பத்தா இன்னும் ஒரு படி மேலே போய், “மெட்ராஸ்ல ஒருத்தருகிட்டயும் மணிகூடக் கேக்காத சாமி”ன்னு சொல்லி அனுப்பினாங்க.

மூணு வருஷமா இங்கேதான் இன்ஜினீயரிங் படிக்கிறேன். மணி கேட்டிருக்கேன், வழி கேட்டிருக்கேன், பஸ்ஸில் பத்து ரூபாய் சில்லறைகூடக் கேட்டிருக்கேன். இதுவரைக்கும் யாரும் கடிக்கலை. ஆனா, ஊர்ல ஒருத்தர்கூடச் சொல்லி அனுப்பாத ஒரு விஷயம் இங்கே இருக்கு. கடல்! அதுக்குக் கொஞ்சம் பொறுத்து வர்றேன். முதல்ல நீங்க ஒழுங்கா ஊருக்குள்ள வந்து சேருங்க.

2018-ல் இன்ஜினீயரிங் கவுன்சலிங் ஆன்லைனுக்குப் போகிற வரைக்கும், பாதி தமிழ்நாட்டுப் பசங்களுக்கு முதல் சென்னை விஜயம்னா அது கிண்டி அண்ணா யுனிவர்சிட்டிதான். கூடவே அப்பா, மாமா, ஒரு ஃபைல், ஒரு தண்ணி பாட்டில். இப்ப அந்தப் பாதுகாப்புப் படை கிடையாது. சிம்போசியம், இன்டர்ன்ஷிப், இன்டர்வியூன்னு நாலு பேர் கும்பலா, பெரியவங்க யாரும் இல்லாம வந்து இறங்குறோம். அப்படி வர்ற எங்க ஊர் ஜூனியர்ஸுக்கு வாரா வாரம் போன்ல சொல்றதைத்தான் இங்கே எழுதுறேன்.

தென் மாவட்ட பஸ்ஸில் வர்றீங்கன்னா, கண்டக்டர் “சென்னை வந்தாச்சு”ன்னு சவுண்ட் விடுற இடம் கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் கடைசியில் திறந்த புது பஸ் ஸ்டாண்டு. ஏர்போர்ட் மாதிரி பளபளன்னு இருக்கும். ஆனா, சென்ட்ரலுக்கும் இதுக்கும் நடுவில் 30 கிலோமீட்டருக்கு மேல இருக்கு. காலையில் ஒன்பதரைக்கு நுங்கம்பாக்கத்தில் இன்டர்வியூன்னா, எட்டு மணிக்கு கிளாம்பாக்கத்தில் நின்னு பல் தேய்ச்சுக்கிட்டு இருக்காதீங்க. உள்ளேயே மாநகர பஸ் கிடைக்கும். டிராஃபிக் நேரம்னா பக்கத்தில் வண்டலூர் ஸ்டேஷனுக்குப் போய் லோக்கல் ரயிலைப் பிடிக்கிறதுதான் புத்திசாலித்தனம். அது எந்த சிக்னலுக்கும் ஹாரன் அடிச்சுக்கிட்டு நிக்காது.

லோக்கல் ரயில்ல ரெண்டு விஷயம் உஷார். ஒண்ணு, லேடீஸ் பெட்டி. ரெண்டு, ஃபர்ஸ்ட் கிளாஸ் பெட்டி. கூட்டமே இல்லாம ஒரு பெட்டி ‘வா வா’ன்னு கூப்பிட்டால், ஏறுறதுக்கு முன்னாடி மேலே என்ன எழுதியிருக்குன்னு படிங்க. சாதா டிக்கெட்டோட ஃபர்ஸ்ட் கிளாஸில் உட்கார்ந்து வர்ற பாதிப் பேர் தெரியாம ஏறினவங்கதான். செக்கிங் வந்தால் ‘ஊருக்குப் புதுசு சார்’ங்கிற டயலாக்குக்குத் தள்ளுபடி எல்லாம் கிடையாது. டிக்கெட் எடுக்கலைன்னா அபராதமே குறைஞ்சது 250 ரூபாய். டிக்கெட்டோ பக்கத்து ஸ்டேஷன்களுக்கு அஞ்சு, பத்து ரூபாய்தான். 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ ஆப் போனில் இருந்தால் பஸ், மெட்ரோ, லோக்கல் ரயில்னு மூணுக்கும் அதிலேயே டிக்கெட் எடுத்துக்கலாம். பெண்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா தகவல்: 2021-ல் இருந்து சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசே கிடையாது. முகத்தில் பிங்க் பெயின்ட் அடிச்ச பஸ்ஸைத் தேடுங்க.

எங்க கொங்குப் பக்கம் இருந்து ரயிலில் வந்தால் சென்ட்ரல். அங்கேதான் பெரிய காமெடியே இருக்கு. வெளியே வந்து “லோக்கல் ட்ரெயின் எங்க ஏறணும்?”னு கேட்டால் ஆளுக்கு ஒரு திசையைக் காட்டுவாங்க. ஒருத்தரும் பொய் சொல்லலை. கூப்பிடு தூரத்துக்குள்ள அத்தனை ஸ்டேஷன் இருக்கு! நீங்க வந்து இறங்கினது சென்ட்ரல். அதை ஒட்டி மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ், அரக்கோணம், கும்மிடிப்பூண்டி லோக்கல் எல்லாம் இங்கே. ரோட்டைத் தாண்டினால் பார்க், போர்டில் ‘பூங்கா’ன்னு இருக்கும், தாம்பரம் பக்கம் போறது இங்கே. அதுக்கும் அந்தப் பக்கம் பார்க் டவுன், வேளச்சேரி போற பறக்கும் ரயில். இதெல்லாம் பத்தாதுன்னு பூமிக்கு அடியில் மெட்ரோ. அதனால ‘லோக்கல் ட்ரெயின்’னு மொட்டையா கேட்காதீங்க. போக வேண்டிய ஊரைச் சொல்லிக் கேளுங்க.

இப்போ தலைப்புக்கு வருவோம். வேலை முடிஞ்சதும் சாயங்காலம் எல்லாருக்கும் வர்ற ஆசை ஒண்ணுதான். பீச்! ரயில் மேப்பைப் பார்த்தால், கடைசியில் அழகா ‘சென்னை கடற்கரை’ன்னு ஒரு ஸ்டேஷன். ஆஹான்னு டிக்கெட் எடுத்துடுறாங்க. அங்கே இறங்கினால் ஒரு கைப்பிடி மணலைக்கூடப் பார்க்க முடியாது. எதிரே ராஜாஜி சாலை, பழைய பாங்க் கட்டடங்கள், லாரி, துறைமுக காம்பவுண்டு சுவர். எங்க ஜூனியர் ஒருத்தன் அங்கே இருந்து போன் பண்ணி, “ஏனுங்க்கா, கடலை எங்க வெச்சிருக்காங்க?”ன்னு கேட்டான்.

நியாயமான கேள்விதான். ஒரு காலத்தில் அங்கே நிஜமாவே பீச் இருந்தது. ராஜாஜி சாலைக்குப் பழைய பேரே ஃபர்ஸ்ட் லைன் பீச். கப்பல்கள் எல்லாம் தூரத்தில் நடுக்கடலில் நிக்கும். ஆணியே அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைச்சுக் கட்டின மசூலா படகில்தான் வெள்ளைக்காரங்க அலையில் குதிச்சுக் குதிச்சு, பாதி நனைஞ்சு கரைக்கு வருவாங்க. இந்தத் தொல்லை வேண்டாம்னு 1870-களில் துறைமுகம் கட்ட ஆரம்பிச்சாங்க. நம்ம கிழக்குக் கரையில் வருஷத்தில் பெரும்பாலான மாசம் அலைகள் மணலைத் தெற்கே இருந்து வடக்கே தள்ளிக்கிட்டே போகும். நடுவில் கல்லைப் போட்டு மறிச்சா மணல் என்ன பண்ணும்? துறைமுகத்துக்குத் தெற்கே குவிய ஆரம்பிச்சது. வடக்கே மணல் வரத்து நின்னு போய், ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள்ள கடிச்சுக்கிட்டு வந்தது. தெற்கே குவிஞ்ச அந்த மணல்தான் நாம சுண்டல் சாப்பிடுற இன்னிக்கு மெரினா. அதில் 1880-களில் நடைபாதை போட்டது கிராண்ட் டஃப்ங்கிற கவர்னர். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரில் அரியர் வெச்சிருக்கிற மக்கள் ஒரு தடவை இதை நேரில் பார்த்தால் பாடம் புரிஞ்சுடும்.

அதனால மெரினாவுக்குப் போகணும்னா பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறி, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் இந்த மூணில் ஏதாவது ஒண்ணில் இறங்குங்க. அங்கே இருந்து பத்து, பதினஞ்சு நிமிஷ நடை. உழைப்பாளர் சிலை பார்க்கணும்னா சேப்பாக்கம் வசதி. கலங்கரை விளக்கத்தில் லிஃப்ட் உண்டு, மேலே ஏறிப் பார்க்கலாம், திங்கட்கிழமை லீவு. நடுவில் விவேகானந்தர் இல்லம்னு வட்டமா ஒரு கட்டடம் இருக்கும். அமெரிக்காவில் இருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளை வெச்சிருந்த குடோன் அது. ஏரியாவுக்கு இன்னிக்கும் ‘ஐஸ் ஹவுஸ்’னுதான் பேர். அதுக்கு எதிர்ல 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை போட்டாங்க. நீளம் 263 மீட்டர். மணல் எவ்வளவு அகலம்னு இதிலேயே புரிஞ்சிருக்கும். தாத்தா, பாட்டியோட வந்தால் அந்தப் பாதை வழியாகப் போங்க, மணலில் அவங்களை இழுத்துக்கிட்டு அலையாதீங்க. இன்னொரு சின்ன விஷயம். இது கிழக்குக் கரை. சூரியன் கடலில் விழுறதைப் படம் பிடிக்கணும்னு சாயங்காலம் கேமராவோட வந்தால், அது உங்க முதுகுக்குப் பின்னாடி யுனிவர்சிட்டி கட்டடத்துக்கு அந்தப் பக்கம் இறங்கிட்டு இருக்கும். காலையில் அஞ்சரைக்கு வாங்க.

இனி கடல். இதை மட்டும் ஸ்கிப் பண்ணாம படிங்க.

ஒவ்வொரு வருஷமும் இந்தக் கடலில் போறவங்களில் நம்ம வயசுப் பசங்கதான் நிறைய. பேப்பரில் ஒரு மூலையில் நாலு வரி வரும்: வெளியூர் மாணவர், நண்பர்களோடு குளித்தபோது. அந்த நாலு வரியிலும் பெரும்பாலும் நாள் ஞாயிற்றுக்கிழமையா இருக்கும். நீச்சல் தெரியாதவங்கதான் மாட்டுறாங்கன்னு நினைக்காதீங்க. எனக்கு பயமே நீச்சல் தெரிஞ்சவங்க மேலதான். கூடுதுறையில், கிணத்துல, வாய்க்கால்ல குதிச்சு வளர்ந்த நமக்கு ஒரு தெனாவட்டு இருக்கு. ‘காவிரியையே இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைக்குப் போயிருக்கேன், இது என்ன முழங்கால் தண்ணி!’ ஆறு ஒரே பக்கமா ஓடும். அதோட போக்கு கரையில் நின்னாலே தெரியும். கடல் அப்படி இல்லை.

அலை கரைக்கு வந்து உடையுது இல்லையா, வந்த தண்ணி எல்லாம் திரும்பிப் போகணுமே? அது பரவலாத் திரும்புறது இல்லை. அடியில் மணல் எங்கே பள்ளமா இருக்கோ, அந்தச் சந்து வழியா ஒண்ணா சேர்ந்து ஓடும். இதுக்குப் பேர் ‘ரிப் கரண்ட்’. வேகமான ரிப் நொடிக்கு 2 மீட்டருக்கு மேல ஓடும். 50 மீட்டரை 21 நொடியில் நீந்துற உலக சாம்பியனோட வேகமே நொடிக்கு சுமார் 2.4 மீட்டர்தான். நீங்களும் நானும் எதிர்நீச்சல் போட்டு ஜெயிக்கப் போறது இல்லை. இதில் கொடுமை என்னன்னா, ரிப் ஓடுற இடத்தில் அலை அவ்வளவா உடையாது. ரெண்டு பக்கமும் வெள்ளை நுரை அடிக்க, நடுவில் மட்டும் தண்ணி அமைதியா, கொஞ்சம் இருட்டா, இல்லைன்னா மணல் கலந்து கலங்கலா இருக்கும். புதுசா வர்றவங்க ‘அங்க அலை கம்மியா இருக்கு, வாங்கடா’ன்னு கரெக்டா அங்கேதான் போய் இறங்குவாங்க. போதாக்குறைக்கு மெரினாவில் கரை சரிவு அதிகம். இடுப்பளவு தண்ணியில் நிற்கிறோம்னு நினைச்சு அடுத்த அடி எடுத்து வெச்சால் கால் பாவாது.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். கழுத்தில் ஏதோ சிம்போசியம் ஐ.டி. கார்டோட ஆறு பசங்க. ஷூவை எல்லாம் ஒரே இடத்தில் குவிச்சு வெச்சுட்டு, கையைக் கோத்துக்கிட்டு இறங்குறாங்க. சுண்டல் வித்துக்கிட்டு இருந்த ஒரு அக்கா கூடையைக் கீழே வெச்சுட்டு ஓடிப் போய்க் கத்தினாங்க: “டேய் தம்பிங்களா! ஏறுங்கடா மேல... இஸ்துகினு பூடும்டா!” பசங்க சிரிச்சாங்க. அக்கா விடலை. “சிரிக்காதடா. உங்கம்மா வந்து இந்த மணல்ல உருண்டு அழுவுறத நான்தான் பாக்கணும்.” அதுக்கு மேல ஒருத்தனும் சிரிக்கலை. கரையேறி, அக்காகிட்டயே ஆளுக்கு ஒரு பொட்டலம் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் வாங்கினாங்க.

அந்த அக்கா எல்லா நேரமும் அங்கே இருக்க மாட்டாங்க. போலீஸ் குதிரையில் ரோந்து வருவாங்க, மைக்கில் கத்துவாங்க. காணும் பொங்கல் அன்னிக்குத் தண்ணிப் பக்கமே போக முடியாமல் தடுப்புக் கட்டிடுவாங்க. மற்ற நாளில் கணுக்கால் நனைய நிற்கிறதோட நிறுத்திக்கணும். அதுவும் கடலுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்காமல்.

அப்படியும் யாராவது மாட்டினால்? மாட்டினவர் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது. அங்கேதான் தெம்பு எல்லாம் போகும். ரிப் ஒரு குறுகலான வாய்க்கால் மாதிரி. கரைக்கு இணையா, பக்கவாட்டில் நீந்தினால் வெளியே வந்துடலாம், அப்புறம் அலையே கரைப் பக்கம் தள்ளும். நீந்த முடியலைன்னா மிதக்கணும், கையைத் தூக்கிக் காட்டணும். கரையில் நிற்கிறவங்க தயவு செஞ்சு குதிக்காதீங்க. ஒருத்தனைக் காப்பாத்தப் போய் மூணு பேர் போற கதைதான் அந்த நாலு வரிச் செய்தியில் அடிக்கடி வருது. காலி தண்ணி கேன், பந்து, முடிச்சுப் போட்ட துப்பட்டா, எது கிடைச்சாலும் வீசுங்க. மீனவர்களைக் கூப்பிடுங்க. 112-க்கு அடிங்க. மீனவங்களுக்குத் தெரிஞ்ச கடல் நமக்குத் தெரியாது. தெற்கே இருந்து வடக்கே போற நீரோட்டத்தை ‘தெண்டி’ங்கிறாங்க, வடக்கே இருந்து வர்றதை ‘வன்னி’ங்கிறாங்க. எந்த மாசம் எது ஓடும், அதோட என்ன மீன் வரும்னு விரல் விட்டுச் சொல்வாங்க. அவங்க ‘இன்னிக்கு வேணாம் தம்பி’ன்னா, அதுதான் ஃபைனல்.

பெசன்ட் நகர் பீச்சுக்கும் இதேதான். பெரம்பூரில் இருந்து ஊரையே சுத்திக்கிட்டு வர்ற 29சி பஸ் உங்களை அங்கே கொண்டு போய் விடும். மணலில் வெள்ளையா, வளைவு வாசல் வெச்ச ஒரு சின்னக் கட்டடம் தனியா நிற்கும். பல சினிமாவில் பார்த்திருப்பீங்க. சாய்ஞ்சுக்கிட்டு போட்டோ எடுக்காத காலேஜ் கும்பலே கிடையாது. அது ஷ்மிட் நினைவுச் சின்னம். டென்மார்க்கைச் சேர்ந்த ஷ்மிட், 1930 டிசம்பர் 30 அன்னிக்கு, கடலில் தத்தளிச்சவங்களைக் காப்பாத்தப் போய் அங்கேயே மூழ்கி இறந்தவர். அதில் பதிச்ச கல்லிலேயே இந்த விவரம் இருக்கு. அடுத்த தடவை போட்டோ எடுத்தா, அந்தக் கல்லையும் ஒரு க்ளிக் எடுங்க. உங்க வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்க.

‘அப்ப கடல்ல குளிக்கவே கூடாதா?’ன்னு முறைக்காதீங்க. ஈ.சி.ஆர். ரோட்டில் கோவளம் இருக்கு. 2021-ல் ‘ப்ளூ ஃப்ளாக்’ சான்றிதழ் வாங்கின பீச். குளிக்கிறதுக்குன்னு எல்லை குறிச்சு, உயிர்காப்பு ஆட்களும் இருக்கிற பகுதிக்குள்ள மட்டும் இறங்குங்க. கூட வர்றவங்களில் ஒருத்தர் கண்டிப்பா கரையில் உட்காரணும். யார் உட்கார்றதுன்னு டாஸ் போட்டு முடிவு பண்ணுங்க.

மத்ததெல்லாம் சுருக்கமா. ஆட்டோன்னா முதல்ல ஏதாவது ஆப்பில் அந்தத் தூரத்துக்கு என்ன ரேட் காட்டுதுன்னு பார்த்துட்டு, அப்புறம் பேச ஆரம்பிங்க. ‘ஜெமினி’ன்னு எல்லாரும் வழி சொல்லுவாங்க. அங்கே அந்த ஸ்டூடியோ இப்ப இல்லை, மேம்பாலம்தான் இருக்கு. மவுண்ட் ரோடுன்னா அண்ணா சாலை. ஆனா ‘மவுண்ட்’னு மட்டும் சொன்னால் பரங்கிமலை, அது வேற இடம்! எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை போய் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நிற்காதீங்க, அன்னிக்கு லீவு. அக்டோபர் கடைசியில் இருந்து டிசம்பர் வரைக்கும் வர்றவங்க மழை நியூஸைப் பார்க்காமல் டிக்கெட் போடாதீங்க. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் இந்த ஊர் எப்படி நின்னதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

மே மாசம் வந்தால் மதியம் ‘கடல் காத்து உள்ள வந்துருச்சா?’ன்னு மக்கள் பேசிக்கிறதைக் கேட்பீங்க. தரை சூடாகி காற்று மேலே போக, கடல் பக்கம் இருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். அது வந்தால் ஊர் பிழைச்சது. மேற்குக் காற்று பலமா அடிச்சு அதைத் தடுத்தால் வறுத்து எடுத்துடும். 2003 மே மாசக் கடைசியில் 45 டிகிரியைத் தொட்டது இந்த ஊர். அதனால மதியம் கன்னிமாரா லைப்ரரியோ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு லைப்ரரியோ பெஸ்ட். வெயிலுக்கு வெயிலும் ஆச்சு, இன்டர்வியூக்கு நாலு பக்கம் புரட்டின மாதிரியும் ஆச்சு.

சாப்பாடு? கையில் காசு ரொம்பக் கம்மின்னாலும் 2013-ல் ஆரம்பிச்ச அம்மா உணவகம் இருக்கு. கொஞ்சம் காசு இருந்தால் திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் இட்லியை சாம்பாரில் முங்க விட்டுச் சாப்பிடுங்க. சாம்பாரை அவங்க ஊத்துற விதத்தைப் பார்த்தால் கேன்டீன் நினைப்பு வந்து கண் கலங்கும்.

இவ்வளவு சொல்லியும் பீச் ஸ்டேஷனில் இறங்கிட்டீங்களா? கவலைப்படாதீங்க. அங்கே பீச்தான் இல்லை, அத்தோ இருக்கு! 1960-களில் பர்மாவில் இருந்து எல்லாத்தையும் விட்டுட்டு வந்த தமிழர்கள் கொண்டு வந்த ஐட்டம். நூடுல்ஸோட முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணி, மிளகாய்ப்பொடி எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைஞ்சு கொடுப்பாங்க. கூடவே சூடா வாழைத்தண்டு சூப். அவிச்ச முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயத்தை அடைச்ச பேஜோவையும் விட்டுடாதீங்க. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து ‘பர்மா கடை எங்கண்ணா?’ன்னு கேட்டால் போதும். காரம் கம்மியா வேணும்னா, பிசைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.